உறிஞ்சு சாமியின் இடது கன்னம்

செவ்வாய், வெள்ளியில் சேத்தியாத்தோப்பில் இறங்கினால் வழி கேட்கவே வேண்டாம். ஷேர் ஆட்டோக்காரரே முகத்தைப் பார்த்து, "மருந்தெடுக்கத்தானே? ஏறு, ஏறு" என்பார். வெள்ளாற்றங்கரையில் ஒரு தகரக் கொட்டகை, வாசலில் ஆளுயர ஃபிளக்ஸ், உள்ளே உறிஞ்சு சாமி என்கிற சாமிக்கண்ணு.

யாரோ சோற்றில் வசிய மருந்து வைத்துவிட்டார்களாம். அது குடலில் ஒட்டிக்கொண்டு பசியைத் தின்கிறதாம். சாமி தொப்புளில் பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சித் துப்புவார். மயிர் சுற்றிய கறுப்பு உருண்டை தட்டில் விழும். கத்தியில்லை, தையலில்லை! டாக்டர்கள்தான் பாவம், வீணாகப் படித்துவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை வரிசையில் சிதம்பரத்துச் சடையப்பன் குடும்பமும் நின்றது. அண்ணாமலை நகரில் ஒரு மெஸ்ஸில் சமையல் மாஸ்டர் அவர். தினமும் முந்நூறு பேருக்குப் பொங்கிப் போடுகிறவருடைய சொந்த மகன் சாப்பிடுவதில்லை. இளவரசுக்கு இருபத்தேழு வயது, கடலூரில் வேலை. எலும்பும் தோலுமாக இருந்தான். ஒரு கவளம் தின்றாலும் திருடியவன் போல விழிப்பான். பல நாள் தின்றதை அவனே வாந்தியெடுத்துவிடுவான்.

கடலூரில் ஒரு மனநல டாக்டரம்மா மூன்று மாதமாக அவனைப் பார்த்துவந்தார். அவனுக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு. சின்ன வயதிலிருந்து 'ஆம்பள மாதிரி நட' என்று வாங்கிய ஏச்சையெல்லாம் தன் உடம்பின் மேலேயே காட்டிக்கொண்டிருந்தான். "சரிபண்ண வேண்டியது சாப்பாட்டத்தான். நீ யார விரும்புறேங்கிறதுல கோளாறே கிடையாது" என்றார் அவர். அதன் பிறகுதான் அவன் அரை வயிறாவது சாப்பிடத் தொடங்கினான். சடையப்பன் விடுவாரா? "கோளாறே இல்லன்னா எதுக்கு டாக்டரு?" என்று மகனை இழுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டார்.

சாமி இளவரசின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். "பொம்பள வச்ச மருந்து. செவத்த பொண்ணு. பால்கோவாவுல வச்சிருக்கா."

சடையப்பன் முகத்தில் தீபாவளி! மகன் வயிற்றில் விஷமாம், தகப்பனுக்கு ஆனந்தக் கண்ணீர்.

"பொண்ணா சாமி? பொண்ணுதானே?"

"பொண்ணேதான்."

"கேட்டியாடி!" என்று மனைவி விருத்தாம்பாளை இடித்தார்.

"மருந்த எடுத்துட்டு நாப்பத்தெட்டு நாள் பத்தியம்" என்றார் சாமி. "இங்கியே தங்கணும். ஒருவேள கஞ்சித்தண்ணி. டாக்டரு மாத்திர ஆவவே ஆவாது."

அக்கா பவானி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். இதயம் பலவீனமாகிவிட்டது, இனிப் பட்டினி போட்டால் உயிர் தங்காது என்று டாக்டரம்மா அவளிடம் சொல்லியிருந்தார். தம்பியோ எது நடந்தாலும் சரி என்பது போலப் பாயில் படுத்திருந்தான்.

பவானி சிதம்பரத்தில் ஒரு பல் டாக்டரிடம் பத்து வருஷமாக உதவியாளர். தினம் முப்பது வாய் பார்க்கிறவள். சாமி குழாயெடுக்க உள்ளறைக்குப் போனார். கணீரென்று பேசிக்கொண்டு போனவர் ஊமையாகத் திரும்பினார். "சக்தி எறங்கிடுச்சு, இனிமே பேசமாட்டாரு" என்றாள் வரிசையில் ஒருத்தி. ஒட்டியிருந்த இடது கன்னம் இப்போது உப்பியிருந்தது. சக்தி எங்கே இறங்கியிருக்கிறது என்று பவானிக்குத் தெரிந்துவிட்டது.

தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "சாமி, தம்பி ஒடம்பு வீக்கு. எதனா தொத்திக்கும். வாயக் கொப்புளிச்சுத் துப்பிட்டு ஆரம்பிங்க."

சாமி வேகமாகத் தலையாட்டி மறுத்தார்.

"ஏம்மா, தெய்வத்தயே சோதிக்கிறியா?" என்று ஒரு பெரியவர் எகிறினார்.

"தெய்வத்த இல்லிங்க, பல்லத்தான்."

விருத்தாம்பாள் பயந்துபோய்க் கும்பிட்டாள். "கொப்புளிச்சிடுங்க சாமி. எம்புள்ளைக்கி எதனா ஆயிடப்போவுது."

பக்தையே கேட்டால் சாமி என்ன செய்வார்? விழுங்கப் பார்த்தார். மயிர் சுற்றிய உருண்டை தொண்டையில் நின்றுகொண்டது. கண் பிதுங்கியது. பவானி அவர் முதுகில் ஓங்கி இரண்டு அறை வைத்தாள். பொத்தென்று தட்டில் விழுந்தது 'மருந்து'. குழாய் இன்னும் சாமியின் கையில்தான் இருந்தது. இளவரசின் சட்டைப் பொத்தான்கூட அவிழ்க்கப்படவில்லை.

"எந்தம்பி வயித்துல இருந்தது சாமி வாய்க்கு எந்த பஸ்ஸுல வந்துச்சி?" என்றாள் பவானி.

"தொடாமலே எடுத்துட்டாருப்பா!" என்று அந்தப் பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நல்லவேளை, மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு வசவானது, சாமி பின்பக்கமாக ஓடினார். சடையப்பன் மட்டும் துரத்திப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப அந்தப் பொண்ணு?" என்று கெஞ்சினார்.

இளவரசு எழுந்து உட்கார்ந்தான்.

"பொண்ணே கெடையாதுப்பா. நான் விரும்புறது மரிய அருளத்தான். ஒங்களுக்கே தெரியும். அவன் எனக்கு எதையும் வைக்கல. நான் சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் எதிர்ல ஒக்காந்திருப்பான், அவ்ளோதான். முந்நூறு பேருக்குப் பரிமாறுறீங்க. ஒருநா எனக்கு எதிர்ல ஒக்காருங்கப்பா."

சடையப்பன் சாமியின் கையை விட்டுவிட்டார். பவானி தம்பியைக் கடலூருக்கு பஸ் ஏற்றினாள். அவரும் ஏறி, இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

இளவரசு மறுநாளே தேறிவிடவில்லை. அரை நிமிஷத்தில் குணமாவதெல்லாம் கொட்டகையில்தான், வைத்தியத்துக்கு மாதக்கணக்காகும். சாமிக்கண்ணு இப்போது வேறு ஊரில் உறிஞ்சுகிறாராம், கூட்டம் குறையவில்லையாம். போங்கள், தாராளமாகப் போங்கள். பிள்ளை வயிற்றில் என்ன இருக்கிறதென்று எவனோ வாய்க்குள் அடக்கி வந்து காட்டினால் நம்புகிறீர்களே, அந்தப் பிள்ளையே வாய் திறந்து சொன்னபோது உங்கள் காது எந்தச் சாமியிடம் அடகில் இருந்தது?