நாலாவது கியரில் மாப்பிள்ளை

போல்ட்டோடு சேர்ந்து என்ஜினும் சுற்றியது. எது அசையவே கூடாதோ அது சொகுசாகச் சுற்றியது. எது கழன்று வரவேண்டுமோ அது பிடித்த பிடியை விடவில்லை.

"அத்தை, பிரேக்கை மிதிச்சிருக்கீங்களா?" வண்டிக்கு முன்னால் மண்டியிட்டிருந்த வென்-பின் கேட்டான்.

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் மாப்பிள்ளை," என்று டிரைவர் சீட்டிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். குளிருக்கு இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரு பூப்போட்ட போர்வை. கையில் தேநீர்.

தைவானில் சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள். கல்யாணமான பெண்கள் புருஷனோடு பிறந்த வீட்டுக்கு வருகிற நாள். தன் ஊரான சாங்ஹுவாவிலிருந்து மாமியார் வீடு இருக்கிற மியாவ்லி மலைக்கு ஏறும்போதே என்ஜினுக்குள் டைமிங் செயின் கடகடவென்று அடித்துக்கொண்டது. இதே செயினோடு மலை இறங்கினால் பாதி வழியில் அறுந்துவிடும். மெக்கானிக் கடைகள் ஐந்தாம் நாள்தான் திறக்கும். ஆனால் புதுச் செயினும் பல்சக்கரங்களும் ஒரு மாதமாக டிக்கியில் கிடந்தன, வென்-பின்னோ பட்டாளத்தில் லாரிப் பட்டறையில் இருந்தவன். "சாப்பிட்ட கை காயறதுக்குள்ள முடிச்சிடுவேன்" என்று பந்தியில் எல்லோர் முன்னாலும் சொல்லியும் விட்டான். வாய் சும்மா இருந்ததா?

முடித்தே ஆகவேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவன் தன் அம்மாவின் மேசையில் இருக்கவேண்டும். கல்யாணமான பெண் புத்தாண்டில் பிறந்த வீட்டில் படுத்துத் தூங்கினால் அந்த வீடு ஓட்டாண்டியாகிவிடும் என்பது அவன் அம்மாவின் கட்சி. அதனாலேயே கல்யாணமான நாளாக அவன் மனைவி பெய்-ரூ புத்தாண்டுக்கு இங்கே ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. ஒவ்வொரு வருஷமும் மாமியார் கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "இருந்துட்டுக் காலையில போகலாமே" என்பாள். இவனும், "அடுத்த வருஷம் பார்க்கலாம் அத்தை" என்று கண்ணாடியை ஏற்றிவிடுவான்.

செயினை மாற்றவேண்டுமானால் முதலில் என்ஜின் முனையிலிருக்கும் அந்தப் பெரிய போல்ட்டைக் கழற்றவேண்டும். அது கழலும்வரை என்ஜினை அசையாமல் பிடித்துவைக்கவேண்டும். அதற்கென்று கருவி இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு: வண்டியை நாலாவது கியரில் போட்டு, ஒரு ஆள் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்தால் சக்கரங்களே என்ஜினைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் எல்லோரும் மேசையைச் சுற்றி மாஜோங் காய் ஆட்டத்தில் இருந்ததால் மாமியார்தான், "நான் சும்மாத்தானே இருக்கேன்" என்று வந்து உட்கார்ந்தாள். நடுவில் இருப்பதுதான் பிரேக் என்று இவனும் பவ்யமாகச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

"பிரேக்குல பிடிப்பு இல்லை போலிருக்கு. வண்டியைக் கட்டிப் போட்டா என்ன?" என்றான் மச்சான் ஆ-கான். மாஜோங்கில் தோற்றுவிட்டு வெளியே வந்தவன்.

நாலு சக்கரத்துக்கும் செங்கல் வைத்தார்கள். வண்டியின் பின்பக்கத்தை வாசலில் நின்ற சீமைப்பனிச்சை மரத்தோடு கயிறு போட்டுக் கட்டினார்கள். ஆ-கான் பானெட் மேல் சாய்ந்து நின்றான். வென்-பின் ஸ்பேனரில் தொங்கினான். வண்டி இம்மியும் நகரவில்லை. என்ஜின் மட்டும் சுற்றியது.

"இன்னும் நல்லா அழுத்துங்க அத்தை."

"இதுக்கு மேல அழுத்தினா தரை ஓட்டையாயிடும் மாப்பிள்ளை."

வென்-பின் ஸ்பேனரை விட்டுவிட்டு எழுந்தான். வண்டி நிற்கிறது, கியர் விழுந்திருக்கிறது, ஆனாலும் என்ஜின் சுற்றுகிறது என்றால் ஒரே அர்த்தம்தான்.

"கிளட்ச் பிளேட்டும் தேஞ்சு போச்சு. செத்தேன் நான்."

"வருஷப் பிறப்பும் அதுவுமா 'செத்தேன்', 'போச்சு'ன்னெல்லாம் சொல்லாதீங்க," என்றாள் மாமியார். "ஏதாவது நல்ல வார்த்தை சொல்லிடுங்க."

"செல்வம் பெருகட்டும்," என்றான் வென்-பின் பல்லைக் கடித்துக்கொண்டு.

போன் அடித்தது. அம்மா. "கிளம்பிட்டியா?"

"கிளம்பிட்டே இருக்கேம்மா."

"சூப்பு அடுப்புல இருக்கு. ஆறினா நான் திரும்பச் சூடு பண்ணமாட்டேன். அப்புறம் நீ வந்தாலும் ஒண்ணு, வராட்டாலும் ஒண்ணு."

அவள் சொன்னால் சொன்னதுதான். அண்ணன் ஒருமுறை இப்படித் தாமதமாகப் போய், அடுத்த இலையுதிர்கால விழா வரை அந்த வாசலை மிதிக்க முடியவில்லை. ரயிலில் போகலாம் என்றால் டிக்கெட் எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. வென்-பின்னுக்கு அழுகையே வந்தது. ஆனால் இன்று அழவும் கூடாது, அதுவும் ஆகாது.

"ஒரு கடப்பாரையை அந்த போல்ட் இருக்கற சக்கரத்துக்கு நடுவுல சொருகிப் பிடிச்சா அது எப்படிச் சுத்தும்?" என்றான் ஆ-கான்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். பட்டறையில் இருந்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது, சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. ஆ-கான் கடப்பாரையைச் சொருகிப் பிடித்தான். வென்-பின் துணி காயப்போடும் இரும்புக் கம்பத்தைக் கொண்டுவந்து ஸ்பேனரில் மாட்டி, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு இழுத்தான்.

கடப்பாரை வழுக்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் குத்தியது. பச்சை நிறத் தண்ணீர் வென்-பின்னின் புத்தாண்டுச் சட்டையில் பீய்ச்சி அடித்தது. போல்ட் அப்படியே இருந்தது.

இதற்குச் சொல்லத்தக்க நல்ல வார்த்தை எதுவும் இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு லாய் அண்ணன் கடலை மிட்டாய்ப் பெட்டியோடு வாழ்த்துச் சொல்ல வந்தார். மாமியார் ஜன்னல் வழியாக எட்டிப் பெட்டியை வாங்கினாள். போர்வை வழுக்கிக் கீழே விழுந்தது. அதை எடுத்துக் கொடுக்கக் கதவைத் திறந்த வென்-பின்னின் கண்ணில் அவள் கால் பட்டது. இடது கால். இடது ஓரத்துப் பெடலில், அடி ஆழம் வரை அழுத்தி வைத்திருந்தாள்.



"அத்தை, அது கிளட்ச்சு. அதை மிதிச்சா என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இருக்காது."

"அப்படியா?" மாமியார் குனிந்து தன் காலைப் பார்த்தாள். "ஸ்கூட்டர்ல இடது பக்கம்தானே மாப்பிள்ளை பிரேக்கு."

வென்-பின் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். மாமியாரை ஒன்றும் சொல்ல முடியாது. மற்ற நாளிலேயே முடியாது. இப்போது அவள் சரியான பெடலுக்குக் காலை மாற்றினாலும் பிரயோஜனமில்லை. ஓட்டை ரேடியேட்டரோடு வண்டி தெருமுனை தாண்டாது. ஐந்தாம் நாள் கடை திறக்கும்வரை இங்கேதான். போனை எடுத்து அம்மாவிடம் சொன்னான். கேட்டதும் அவள் டக்கென்று வைத்துவிட்டாள். அது திட்டுவதைவிட மோசம்.

"பெய்-ரூ, மாடி அறையில மெத்தையைப் போடும்மா," என்று மாமியார் உள்ளே பார்த்துச் சொன்னாள்.

"போட்டாச்சும்மா," என்று மாஜோங் மேசையிலிருந்து பதில் வந்தது.

லாய் அண்ணன் வென்-பின்னுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். "என்ன தம்பி, இப்படி ஆயிடுச்சு?"

"தப்பு என்னோடதுதாண்ணே," என்றான் வென்-பின். "வண்டியைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்களைப் பிடிச்சு உட்கார வெச்சுட்டேன்."

"யாரு, நம்ம அக்காவா?" என்றார் லாய் அண்ணன். "உங்க கல்யாணத்துக்கு முந்தின வருஷம் வரைக்கும் இந்த மலை முழுக்கச் செங்கல் லாரி ஓட்டினது யாருன்னு நினைச்சீங்க தம்பி?"