கை ஆடினாத்தான் ஓடும்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. என் வாட்ச் நிக்காம பாத்துக்கணும்.

எண்பதுகளோட தொடக்கம். ஆரணியில எங்களுக்குப் பட்டு வியாபாரம். கடையில திண்டுல சாஞ்சிகினு உக்காந்திருக்கறதுக்கு வியாபாரம்னு பேரு. அந்த வேலைய நான் ரொம்ப நல்லா செய்வேன்.

அந்த வருஷம் மெட்ராஸ் போய் ஒரு சுவிஸ் வாட்ச் வாங்கினேன். கடைக்காரர் மூணு எடுத்து வெச்சார். ஒண்ணு தங்க விளிம்பு, ஒண்ணு தேதி காட்டறது. மூணாவதைக் காட்டி, "இது ஆட்டோமேட்டிக் சார். சாவி குடுக்கற வேலையே கெடையாது. தானா ஓடும்"னார்.

வேலை இல்லன்னு சொன்னதுமே மனசு அதுலதான் நின்னுது. மத்த ரெண்டையும் தொட்டுக்கூடப் பாக்கல.

ஊருக்கு வந்தா வாட்ச் அடிக்கடி நின்னு நின்னு போச்சு. பஸ் ஸ்டாண்டு ரிப்பேர்க்காரர் கிட்ட காட்டினேன்.

"வாட்ச்சு பஷ்டா கீதுங்க. கை ஆடினா உள்ள தானா சாவி ஏறும். உங்க கை ஆடலியே!"

இதை நான் வீட்டுல போய்ச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிட்டேன்.

"இருபது வருஷமா நான் சொல்றதைத்தானே அந்த வாட்ச்சும் சொல்லுது?"ன்னா என் சம்சாரம் சரோஜா.

இந்த நேரத்துலதான் எங்க பொண்ணு கஸ்தூரிக்கு காஞ்சிபுரத்துலேர்ந்து ஒரு வரன். பையன் தங்கமான பையன். பையனோட அப்பா ஏகாம்பரமும் பட்டு வியாபாரிதான். தரகர் மட்டும் கொஞ்சம் இழுத்தார்.

"அவரு வாட்ச் பைத்தியம்ங்க. வூட்ல ஏழு வெச்சிருக்காரு. எல்லாம் ஆட்டோமேட்டிக்கு. வந்ததும் உங்க கையப் புடிச்சி வாட்ச்சைக் காதுல வெப்பாரு. நின்னுகினு இருந்தா, 'உழைக்காத கை, இந்த வூட்டு சம்பந்தம் வேணாம்'னு எழுந்து பூடுவாரு. ரெண்டு எடம் அப்படியே தட்டிப் பூடுச்சி."

கஸ்தூரிக்குப் பையனைப் போட்டோவுல பாத்ததுமே புடிச்சிருச்சி. "அப்பா, வாட்ச் ஜாக்கிரதை"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. ஒரு பொண்ணோட வாழ்க்கை என் மணிக்கட்டுல தொங்குது!

அவங்க பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு, அவங்க வர்றது சாயந்திரம். காலையிலயே கைய வீசிகினு கடைத்தெருவுல நடந்தேன். நாலு வீசு வீசியிருப்பேன், செய்யாறு பஸ் வந்து பக்கத்துல நின்னுது.

"ஏறுங்க, ஜல்தி!"ன்னார் கண்டக்டர்.

"நான் வரலீங்க."

"வராதவரு இன்னாத்துக்குக் கை காட்டினீங்க?"

"கை காட்டலீங்க, சாவி குடுக்கறேன்."

கண்டக்டர் என்னை மேலயும் கீழயும் பாத்தார். "காலையிலயே பேஜாரு"ன்னு விசில் அடிச்சார். பஸ்சுல இருந்த அத்தனை பேரும் திரும்பித் திரும்பிப் பாத்துகினே போனாங்க. தோள் வேற வலிக்க ஆரம்பிச்சிடுச்சு. திரும்பி வந்துட்டேன்.

வீட்டுப் பின்கட்டுல தறி ஓடற சத்தம். முள்ளிப்பட்டுலேர்ந்து வர்ற முனுசாமி நெய்துகினு இருந்தார். அவர் கையப் பாத்தேன். கயிற இழுக்குது, இழுக்குது, இழுத்துகினே இருக்குது. ஆஹா!

"முனுசாமி, இந்த வாட்ச்சைக் கொஞ்ச நேரம் கட்டிக்க."

"எனக்கெதுக்குங்க மொதலாளி?"

"நீ பாட்டுக்கு நெய்யி. மணி மட்டும் பாக்காத."

சாயந்திரம் கார் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கழட்டி என் கையில கட்டிக்கினேன். பட்டை அவர் வேர்வையில ஈரமா இருந்துச்சு.

ஏகாம்பரம் வந்தார். வணக்கம்கூட முழுசா சொல்லல. என் கையப் புடிச்சி வாட்ச்சைக் காதுல வெச்சார். கதவுக்குப் பின்னால கஸ்தூரி வளையல் சத்தம் நின்னு போச்சு.

"ஓடுது! ஜோரா ஓடுது!"ன்னார். "நீங்க நல்ல உழைப்பாளி போலிருக்குதே?"

அதோட வாய மூடியிருக்கலாம். மூடினா அது என் வாய் இல்லியே!

"தெனம் ஒரு மொழம் நானே நெய்யலன்னா எனக்குச் சோறு எறங்காதுங்க."

சரோஜா தலையில அடிச்சிக்கினா.

"அப்படியா! எங்க, ஒரு வெரல் அளவு நெய்ங்க, பாப்போம்"னார். காபி டம்ளரோட தறிகிட்டயே வந்து எதிர்ல உக்காந்துட்டார்.

முனுசாமி எழுந்து எடம் விட்டார். தறிக்குழியில கால் எறங்கிச்சு, தொப்பை எறங்கல. ஒரு வழியா உக்காந்து, சாமிய வேண்டிக்கினு கயிற ஒரே இழுப்பு இழுத்தேன். குழிக்குள்ள இருக்கற மிதிக்கட்டைய மிதிச்சிட்டுத்தான் கயிற இழுக்கணும். மிதியிருக்கற ஞாபகமே எனக்கு வரல.

நூல் பிரிஞ்சு வழி விடாததால, குறுக்கு நூலோட உள்ள ஓட வேண்டிய நாடாக் கட்டை வெளிய பறந்துச்சு. நேரா போய் அவர் டம்ளர்ல அடிச்சிது. பூரா காபியும் அவர் வெள்ளை வேட்டியில!

அவர் வேட்டியக்கூடப் பாக்கல. பதறிப்போய்த் தன் கை வாட்ச்சைத் துடைச்சார். நானும் எட்டிப் பாத்தேன். சாயந்திரம் நாலு மணிக்கு அதுல ஒன்பதரை. செகண்டு முள்ளு அசையவே இல்ல.

ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கினோம்.

முனுசாமி நல்ல மனுஷன். என்னைக் காப்பாத்தறதா நெனச்சிகினு, "மொதலாளிக்குத் தறி பழக்கமில்லீங்க. காலையிலேர்ந்து வாட்ச்சு என் கையிலதான் இருந்துச்சு"ன்னுட்டார்.

முடிஞ்சது கதைன்னு கண்ண மூடிக்கினேன். கஸ்தூரிக்கு எந்த மூஞ்சிய வெச்சிகினு பதில் சொல்றது?

ஏகாம்பரம் என் பக்கத்துல குனிஞ்சார். குரலைத் தாழ்த்தினார்.

"தறிக்காரர் கையிலயா கட்டறீங்க? நல்ல ஏற்பாடு. எங்க வூட்ல நாலு தறிக்காரங்க கையில நாலு, ரிக்‌ஷாக்காரர் கையில ஒண்ணு, தண்ணி சேந்தறவர் கையில ஒண்ணு. இது மாவாட்டற அம்மா கையில இருக்கற வாட்ச்சு. அவங்க ஊருக்குப் போயிட்டாங்க, அதான் மானம் போச்சு."

அங்கயே தாம்பூலம் மாத்திக்கினோம்.

ஜோசியர் பத்துக்கு எட்டுப் பொருத்தம்தான் இருக்குதுன்னார், அவர் பாத்தது பொண்ணு மாப்பிள்ளை ஜாதகம் மட்டும்தான். சம்பந்திங்க ஜாதகத்தைப் பாத்திருந்தா பத்துக்குப் பத்து போட்டிருப்பார்.