முனி போகிற தடம்

ரசமட்டத்தைச் சாக்குப் பைக்குள் திணித்தான் கொத்தனார் கருத்தக்கண்ணன்.

"முனி நடக்குற தடத்துல கடப்பாரை வைக்க மாட்டேண்ணே. எனக்குப் பிள்ளை குட்டி இருக்கு."

பொன்னுராஜ் குறுக்கே வந்து நின்றார். தை பிறந்தால் வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும். பொட்டிப்புரத்தில் அவருக்கென்று இருப்பது இந்த ஒரு துண்டு நிலம்தான்.

"ஏப்பா, முனியும் கிடையாது, தடமும் கிடையாது. பக்கத்து வீட்டு ஜெய்லானி என் இடத்தைப் பாத்து வாசல் வச்சிறக் கூடாதுன்னு அன்னைக்கு நானாக் கட்டிவிட்ட கதை அது!"

கருத்தக்கண்ணன் இரண்டடி பின்னால் போனான்.

"பாத்தீகளா... உங்க வாய் வழியாவே பேச ஆரம்பிச்சிருச்சு."

அடுத்த நொடி ஆள் இல்லை.

அந்தக் கதையைச் சொன்னது தான்தான் என்று சாட்சி சொல்ல ஜெய்லானியைக் கூப்பிட்டது அதைவிடப் பெரிய தப்பு.

"அப்ப பொய்யா மச்சான்? முனிக்குக் குறுக்க எதுக்கு நிக்கணும்னு, பாதி கட்டுன வாசலை இடிச்சு, ஆட்டோ நுழையாத சந்துப் பக்கம் திருப்பி வச்சேனே!"

கனடாவில் சட்டம் படிக்கும் மகன் ஆரிப்பை வீடியோ காலில் பிடித்தார் ஜெய்லானி.

"இதுக்குப் பேரு எஸ்டாப்பல், மாமா," என்றான் ஆரிப், குளிர்க் குல்லாவுக்குள்ளிருந்து. "நீங்க ஒண்ணு சொல்றீக. அதை நம்பி ஒருத்தர் நட்டப்படுறாரு. அப்புறம் நீங்களே பல்டி அடிக்க முடியாது. இங்க கோர்ட்டுலயும் அதான், அங்க கோர்ட்டுலயும் அதான்."

"பொய்னு நானே ஒத்துக்கிறேனேப்பா?"

"செல்லாது மாமா. எங்க அத்தாவைப் பொறுத்தவரைக்கும் அங்கன முனி இருக்கு."

வீட்டில் மகாலட்சுமி சோற்றுத் தட்டை நங்கென்று வைத்தாள்.

"உங்க பொய்யை நம்புனவுக எல்லாம் சொந்த வீட்டுல இருக்காக. கட்டிக்கிட்டவதான் தெருவுல நிக்கப்போறா."

பொன்னுராஜ் பூசாரி அம்மாவாசியைப் பிடித்தார். 'இங்கே முனி இல்லை' என்று ஊர் கேட்க ஒரு வார்த்தை. அதற்கு ஒரு சேவல்.

ஊர் கூடியது. அம்மாவாசி திருநீற்றை அள்ளினார். வாயைத் திறந்தார். உடம்பு உதறியது.

"இருக்கேன்டா!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அம்மாவாசிக்கே முகம் வெளுத்துவிட்டது. "அதை நான் சொல்லலைய்யா..." என்று சேவலைக்கூட வாங்காமல் ஓடினார். சாயங்காலத்துக்குள் அந்த இடத்தில் வேல்கம்பு நட்டு மணியும் கட்டிவிட்டார்கள்.

மறுநாள் உச்சிவேளை. பொன்னுராஜ் தானே கடப்பாரையைத் தூக்கினார்.

ஊர் இருக்கும் பள்ளத்தாக்கில் ஓயாமல் அடிக்கிற காற்று அன்று நின்றிருந்தது. வாழைத்தோப்பில் ஓர் இலை அசையவில்லை. வேல்கம்பின் மணி மட்டும் ஆடியது.

ஓங்கிக் குத்தினார். கடப்பாரை உள்ளே போனது. வெளியே வர மறுத்தது. இழுத்தார். அடியில் யாரோ பிடித்து இழுத்தார்கள்.

சட்டென்று மணி நின்றது. சுருட்டு வாசம்.

செங்கல் அடுக்கின் மேல் முறுக்கு மீசைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஊரில் பார்த்திராத ஆள்.

"என்னலே இப்படி வேர்க்குது?"

பொன்னுராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. "நீங்களாவது நம்புங்கய்யா! முனி, தடம் எல்லாம் நான் விட்ட ரீலு. சத்தியமா இங்கன ஒண்ணும் கிடையாது!"

மீசைக்காரர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். அவர் முகம் வாடிப்போனது.

"ரீலா? ஏலே, உன் பேச்சை நம்பித்தானலே என் பழைய தடத்துல கல்யாண மண்டபம் கட்ட விட்டுட்டு இங்கன வந்தேன்... இப்ப நான் எங்கலே போவேன்?"