மாஸ்டர் போட்ட பிளான்

அந்தப் பழைய ஓட்டு வீட்டில் மொத்தமே ஒரு கூடம், ஒரு சமையலறை. எந்த மூலையில் போய் உட்கார்ந்தாலும் மனைவி கண்ணில் பட்டாக வேண்டும். ட்ராயிங் மாஸ்டர் இருபது வருஷமாகப் பட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய வாழ்க்கை லட்சியம். அதற்காகவே வீட்டின் பின்பக்கம் காங்கிரீட் தளம் போட்டு, பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்து, நவீனமாக ஓர் அறை கட்டத் தீர்மானித்தார்.

தனக்கென்று கேட்டால் நடக்கிற காரியமா? மூளையைக் கசக்கினார்.

"உனக்குத்தாம்மா இந்த ரூம். பாவம், உனக்குன்னு ஒரு இடமே இல்லையே!"

இரண்டு நிமிஷம் ஓரிடத்தில் உட்காராதவள் அவள். அறை காலியாகத்தான் கிடக்கும். காலி அறையைச் சும்மா விடலாமா என்று ஒருநாள் தலையணையோடு நுழைந்துவிட வேண்டியதுதான்.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நிஜமாவா?"

"சத்தியமா!"

"அப்ப சரி. பிளான் போடுங்க."

எட்டு நாள் உட்கார்ந்து போட்டார். கொத்தனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தாழ்ப்பாள் எந்தப் பக்கம் சார்?"

"உள்பக்கம்! அம்மாவை யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது பாருங்க."

"ஆறரை அடியில கட்டில் வரைஞ்சிருக்கீங்களே? அம்மா அஞ்சடிகூட இருக்க மாட்டாங்களே?"

மாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. மனைவிதான் காப்பாற்றினாள். "கட்டில் வேண்டாம்ணே. அந்த இடத்துல ஒரு மேஜை வரட்டும்."

வேலை முடிந்த முதல் ஞாயிறு. மத்தியானச் சாப்பாடு ஆனதும் மாஸ்டர் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பூனைநடை நடந்தார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார்.

"யாரு?"

"நான்தான். சும்மா பாத்துட்டுப் போலாம்னு..."

ஜன்னல் திரை விலகியது. "தலையணையோடயா?"

மாஸ்டர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "உள்ள என்னம்மா பண்றே?"

"படிக்கிறேன். ரூம் எனக்குன்னு நீங்க சொன்ன மறுநாளே தபால் வழியில டிகிரிக்குச் சேந்துட்டேன். மூணு வருஷம்."

"மூணு வருஷமா! அப்ப வீடு?"

"அந்தப் பக்கம் பூரா உங்களுக்குத்தாங்க. நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

திரை மூடிக்கொண்டது. மாஸ்டர் இரண்டடி வைத்திருப்பார், மறுபடியும் குரல் வந்தது.

"நாலு மணிக்குக் காப்பி கொண்டு வரும்போது கொஞ்சம் மெதுவாத் தட்டுங்க. தூக்கிவாரிப் போடுது."