இருபத்துமூன்று பள்ளிகளும் ஒரு நீலக் கதவும்

ஒரு காட்டில் இருபத்துமூன்று பள்ளிக்கூடங்களும் ஒரே ஒரு கழிப்பறைக் கதவும் இருந்தன.

காடு என்றதும் மரம் செடியைத் தேடாதீர்கள். அந்தக் காட்டை மாநகராட்சியாகத் தரம் உயர்த்தி வெகுநாளாகிவிட்டது. உயர்த்திய கையோடு மரங்களை வெட்டி, உயர்த்திய செய்தியைச் சொல்லும் பலகைகளை அந்த இடத்தில் நட்டார்கள். மிச்சம் இருந்தவை மிருகங்கள்தான். மிருகங்களுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள், பிள்ளைகளுக்கு மாநகராட்சிப் பள்ளிகள் இருந்தன, பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்கென்று கழிப்பறைகள் இருந்தன. கழிப்பறைகளுக்கு நிலைச்சட்டம்கூட இருந்தது. கதவுதான் இல்லை.

இல்லை என்று ஒரேயடியாகச் சொன்னால் பாவம் சேரும். கதவு இருந்தது. நீலப் பெயின்ட் அடித்து, மேலே ‘பெண்கள்’ என்று வெள்ளையில் எழுதி, கீழே யாரோ உதைத்த கீறலோடு இருந்தது. ஆனால் அது பள்ளியில் இல்லை, ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் இருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கல்வி அலுவலர் கரடியார் பள்ளிகளை ஆய்வு செய்யக் கிளம்புவார். அவருடைய ஜீப் வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் கழுதை ஏகாம்பரம் மீன்பாடி வண்டியை மிதித்துக்கொண்டு வந்து, நிலைச்சட்டத்தில் நாலு ஸ்குரூ முடுக்கிக் கதவை மாட்டிவிடும். கரடியார் வருவார், கதவைப் பார்ப்பார், படிவத்தில் ‘கதவு: உண்டு’ என்ற கட்டத்தில் டிக் அடிப்பார், தலைமையாசிரியர் அறைக்குள் போய் முறுக்கு சாப்பிட உட்காருவார். அவர் முறுக்கைக் கடிக்கும் சத்தம் கேட்டதும் ஏகாம்பரம் கதவைக் கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு, குறுக்குச் சந்து வழியாக அடுத்த பள்ளிக்குப் பறந்துவிடும். ஆக, அறிக்கையில் பள்ளிகள் இருபத்துமூன்று, கதவுகளும் இருபத்துமூன்று.

கரடியாருக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். ஒரே கீறலை ஒரே இடத்தில் இருபத்துமூன்று முறை பார்த்தவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துகொள்ளச் சொல்லி அவருக்கு மேலிருந்து உத்தரவு வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பள்ளிகளில் ஒன்றில் மிருதுளா என்றொரு முள்ளம்பன்றிக் குட்டி ஆறாம் வகுப்பு படித்தது. உடம்பெல்லாம் முள்ளாக இருக்கிற பிள்ளைக்கு மிருதுளா என்று பெயர் வைத்தவள் அதன் அம்மா கன்னியம்மா. பெற்றவளுக்கு ஆசை இருக்காதா? பஸ் நிறுத்தத்தில் மரவள்ளிக்கிழங்கு அவித்து விற்கும் கன்னியம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மகளாவது தடங்கல் இல்லாமல் படிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுடைய எண்ணம்.

மகளுக்குத் தடங்கல் தண்ணீர் பாட்டிலில் வந்தது. காலையில் நிரப்பிக் கொடுக்கும் பாட்டில் சாயங்காலம் அப்படியே நிரம்பித் திரும்பி வந்தது. ஒருநாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, ஜூன் மாதம் முழுக்க. காலையில் டீ கொடுத்தாலும் மிருதுளா வேண்டாம் என்று தள்ளிவிடும். ஜூலையில் அதற்குக் காய்ச்சல் வந்தது. ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று சுருண்டு படுத்து அழுதது.

“தண்ணி ஏண்டி குடிக்க மாட்டேங்கற?” என்று கன்னியம்மா கேட்டாள்.

“குடிச்சா போவணும்மா. பாத்ரூமுக்குக் கதவு இல்ல. ஒருத்தி போனா ரெண்டு பேரு ஷால் புடிச்சுக்கினு நிக்கணும். பசங்க சிரிக்கறானுங்க.”

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். மிருதுளா தலையாட்டியது. வெளியே வந்ததும், “இஸ்கூல நிறுத்திட்டா குடிக்கறேம்மா” என்றது. பக்கத்து வீட்டு மான்குட்டி போன வருஷம் இதற்காகத்தான் நின்றுபோயிருந்தது. 

மறுநாள் கன்னியம்மா நேராகத் தலைமையாசிரியர் ஆமையாரிடம் போய் நின்றாள். ஆமையார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருக்கவும் கொஞ்சம் முயற்சி தேவைப்படும். யாராவது ஏதாவது கேட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார். கேட்டவர் போன பிறகு நீட்டுவார். முப்பது வருஷ சர்வீஸை இப்படியே ஓட்டிவிட்டார்.

“மேலிடத்துக்கு எழுதியிருக்கேம்மா,” என்றது ஓட்டுக்குள்ளிருந்து குரல்.

“எப்ப சார் எழுதினீங்க?”

வெளியே இருந்த வாலும் உள்ளே போய்விட்டது. 

சரி, பெற்றோர் கூட்டத்தில் சொல்லலாம் என்று போனாள். ஆஹா, அதுவல்லவா கூட்டம்! வந்ததும் வராததுமாக வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு டீயும் பன்னும். கன்னியம்மா எழுந்து கதவைப் பற்றிச் சொன்னதும் மயிலம்மா முகத்தைச் சுளித்தாள். “நாலு பேரு இருக்கற எடத்துல இதெல்லாமா பேசுவாங்க? ஆண்டு விழாவுக்கு மேடை சின்னதா இருக்கு, என் பையன் தோகையை விரிக்க முடியல. அதைப் பேசுங்க முதல்ல” என்றாள். பேசினார்கள். மேடையை அகலப்படுத்தத் தீர்மானம் நிறைவேறியது. பன் மிச்சம் இருந்தது. அதையும் ஒருவர் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்தது திங்கட்கிழமை குறைதீர்க்கும் முகாம். வரிசையில் மூன்று மணி நேரம் நின்ற பிறகு மரங்கொத்தி குமாஸ்தாவிடம் மனு போய்ச் சேர்ந்தது. மரங்கொத்திக்கு முத்திரை குத்துவதற்கென்றே கடவுள் கொடுத்த மூக்கு. டொக், டொக் என்று இரண்டு குத்து. ரசீதில் ஒரு நீளமான நம்பர். கன்னியம்மா அதை மடித்துக் கிழங்குக் கூடைக்கு அடியில் பத்திரமாக வைத்தாள். மூன்றாம் நாள் போனில் செய்தி வந்தது: ‘தங்கள் மனு மீது தீர்வு காணப்பட்டது. நன்றி.’ மிருதுளாதான் படித்துக் காட்டியது. மறுநாள் பள்ளிக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் நிலைச்சட்டம் இளித்துக்கொண்டு நின்றது.

அடுத்த திங்கட்கிழமையும் போனாள். அதற்கடுத்த திங்கட்கிழமையும். பதினோரு மனு, பதினோரு தீர்வு. கடைசி முறை மரங்கொத்திக்கே சலித்துவிட்டது.

“இங்க பாரும்மா, கம்ப்யூட்டர்ல கதவு இருக்குன்னு இருக்கு. இருக்கற கதவுக்கு எப்படிம்மா இன்னொரு கதவு தருவாங்க?”

“வந்து பாருங்கய்யா.”

“நான் பாத்து என்ன ஆகப்போகுது? அப்படியே இல்லன்னு வெச்சுக்க. உம் பொண்ணு பள்ளிக்கு மட்டும் கதவு குடுத்தா, மத்த இருபத்திரெண்டு பள்ளிப் பிள்ளைங்களுக்கு அது அநியாயம் இல்லையா? நீ உம் பிள்ளையை மட்டும் பாக்கற. நாங்க எல்லாரையும் சமமா பாக்கறோம்.”

கன்னியம்மாவின் முதுகில் முட்கள் சரசரவென்று எழுந்து நின்றன. வரிசையில் பின்னால் நின்ற முயல் நாலடி தள்ளிப்போனது. கையாலாகாதவன் நியாயம் பேசினால் யாருக்குத்தான் எரியாது?

அந்த வாரமே ஆய்வு வந்தது. கிழங்குக் கூடையோடு பள்ளி வாசலைக் கடந்த கன்னியம்மா நீலக் கதவைப் பார்த்தாள். கண்ணை நம்ப முடியவில்லை. உள்ளே ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தாள், தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து பார்த்தாள். கரடியார் வந்து டிக் அடித்துவிட்டு அறைக்குள் போனார். முறுக்கு கடிபடும் சத்தம் கேட்டது. ஏகாம்பரம் ஸ்குரூ டிரைவரோடு வந்து நின்றது.

“கொஞ்சம் தள்ளிக்கமா.”

“அண்ணா, மாட்டின கதவ ஏன் கழட்டற?”

“அடுத்த இஸ்கூலுக்கு இட்டுகினு போவ வேணாமா? இன்னிக்கு இன்னும் ரெண்டு இஸ்கூல் கீதுமா. இருக்கறது ஒரு கதவு. அது சுத்தி வர்றதுக்குள்ள என் முட்டியே தேஞ்சுபோச்சு.”

“பொண்ணுங்களுக்குக் கதவு வேணாமா அண்ணா?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. கதவு ஆய்வுக்கோசரம்.” ஏகாம்பரம் கதவைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய்விட்டது.

கன்னியம்மா வெறும் நிலைச்சட்டத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பதினோரு திங்கட்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு அவள் கொடுத்த மனுவெல்லாம் ஒரு முறுக்குக்குச் சமம் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அழவில்லை. யோசித்தாள்.

மூன்று மாதம் கழித்து அடுத்த ஆய்வு நாள். கன்னியம்மா கிழங்குக் கூடையை வீட்டில் வைத்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லி வைத்த எட்டு இளநீரோடு தலைமையாசிரியர் அறைக்கு வந்தாள்.

“வெயில்ல வந்திருக்கீங்க சார். பெற்றோர் சார்பா,” என்று முதல் இளநீரை நீட்டினாள். கரடியார் மகிழ்ந்துபோனார். முறுக்கு தொண்டையை அடைத்திருந்தது. ஒன்று குடித்தார், இரண்டு குடித்தார். “இந்த மாதிரி பொறுப்பான பெற்றோர் எல்லாப் பள்ளியிலயும் இருக்கணும் ஆமையார்,” என்று நாலாவதைக் குடித்தார். ஏழாவது முடிந்தபோது ஜன்னல் வழியாக மீன்பாடி வண்டி தெருமுனை திரும்புவது தெரிந்தது. கன்னியம்மா எட்டாவதைச் சீவி நீட்டினாள்.

எட்டாவதைக் கரடியார் பாதியில் நிறுத்தினார். கால் மாற்றி உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். அவருடைய ஆபீஸ் போக முக்கால் மணி நேரம். பையன்கள் பக்கம் கூரையே கிடையாது. கரடியார் வேக நடையாக, பிறகு ஓட்டமாக, நீலக் கதவு இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். நிலைச்சட்டம்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து இடைவேளை மணி அடித்தது. நானூறு பிள்ளைகள் வெளியே வந்து, அலுவலருக்கு மரியாதையாக, “வணக்கம் ஐயா” என்று ராகம் போட்டுச் சொல்லிவிட்டு, போகாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“கதவு எங்கய்யா? இங்க ஒரு கதவு இருந்ததே!” என்று அலறினார் கரடியார். ஆமையாரின் தலை எப்போதோ உள்ளே போயிருந்தது.

கன்னியம்மா பக்கத்தில் வந்து பணிவாகச் சொன்னாள். “கதவு இருக்குது சார். நீங்கதான் இப்ப கையெழுத்துப் போட்டீங்க. அப்படி இல்லன்னா ஒரு மனுவா எழுதிக் குடுங்க. திங்கக்கிழமை வாங்குவாங்க. மூணே நாள்ல தீர்வு வந்துடும்.”

அப்புறம் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். பதவியில் இருப்பவர், அவருக்கும் வெட்கம் உண்டு என்று அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது. இரண்டு ஆசிரியைகள் ஷால் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். பையன்கள் சிரித்தார்கள்.

ஐந்து வருஷமாக அசையாத கதவுக் கோப்பு அன்று மதியமே ஓடியது. மூன்று மணிக்குத் தச்சர்கள் வந்தார்கள். நாலரைக்குக் கதவு நின்றது. தேக்கு, பித்தளைத் தாழ்ப்பாள், பளபளவென்று பாலிஷ். கன்னியம்மா கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் இரண்டு லிட்டர் பாட்டிலாகத் தேடி எடுத்துக் கழுவி வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் இரண்டு லிட்டரும் அப்படியே திரும்பி வந்தது.

“பூட்டு போட்டிருக்காங்கம்மா,” என்றது மிருதுளா.

மறுநாள் போய்ப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு பூட்டு. அதற்கு மேலே பலகை: ‘ஆய்வு அலுவலர்களுக்கு மட்டும்’. ஆமையார் பூரித்துப்போயிருந்தார்.

“சாவி என் பீரோவுல இருக்கும்மா. பீரோ சாவி என் ஓட்டுக்குள்ள இருக்கு. பிள்ளைங்க புழங்கினா நாலு நாள்ல நாசமாக்கிடுவாங்க. உன் புண்ணியத்துல நம்ம பள்ளிக்கு ஒரு நல்ல கதவு கிடைச்சிருக்கு, அதைப் பாதுகாக்க வேணாமா?”

“மத்த இருபத்திரெண்டு பள்ளிக்கும்?”

“அங்கயெல்லாம் ஐயாவுக்கு அவசரம் வரலையேம்மா. அதுக்கெல்லாம் பழைய கதவே போதும்.”

கன்னியம்மாவின் முட்கள் அத்தனையும் எழுந்து நின்றன. இந்தத் தடவை ஆத்திரம் தாங்காமல் உடம்பே நடுங்கியதில் ஒரு முள் கழன்று, பூட்டுக்குக் கீழே விழுந்தது. ஆமையார் பயந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவர் தலை உள்ளே இருக்கும்போது கண்ணும் உள்ளேதானே இருக்கும்? கன்னியம்மா முள்ளை எடுத்தாள். பூட்டைப் பார்த்தாள். முள்ளைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் மிருதுளா வீட்டுப் பாடம் எழுதவில்லை. அம்மாவும் மகளும் வீட்டுப் பூட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். “இப்படி உள்ள விட்டு, லேசா மேல தூக்கித் திருப்பு. அவசரப்படாத,” என்றாள் கன்னியம்மா. ஒன்பதாவது முறை பூட்டு வாயைப் பிளந்தது. மறுநாள் பென்சில் பெட்டியில் ஸ்கேல், ரப்பர், பென்சில், அதற்குப் பக்கத்தில் அம்மாவின் முள்.

சாயங்காலம் மிருதுளா ஓடிவந்து பையைக் கீழே போட்டது. பாட்டில் உருண்டது. காலியாக இருந்ததால் சத்தம் போட்டுக்கொண்டு உருண்டது.

“அம்மா, இன்னும் கொஞ்சம் தண்ணி குடு,” என்றது மிருதுளா. கன்னியம்மா அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு அழுதாள்.

அடுத்த மாதத்துக்குள் பள்ளியின் பெண் பிள்ளைகள் எல்லோருடைய பென்சில் பெட்டியிலும் ஒரு முள் இருந்தது. கன்னியம்மாவின் முதுகில் ஒரு பக்கம் வழுக்கையாகிவிட்டது. பிள்ளைகளே முறை வைத்துக் கழுவினார்கள், உபயோகித்த பிறகு மறக்காமல் பூட்டினார்கள். கரடியார் அடுத்த ஆய்வுக்கு வந்து, வீட்டிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்ததால் உள்ளே போகாமல், வெளியிலிருந்தே எழுதினார்: ‘கதவு: உண்டு. பூட்டு: நல்ல நிலையில் உள்ளது. மாணவிகளால் பயன்படுத்தப்படவில்லை. தூய்மை: மிகச் சிறப்பு.’ அதற்காக ஆமையாருக்கு விருது கொடுத்தார்கள். வாங்குவதற்காகத் தலையை முழுதாக வெளியே நீட்டினார். அவருக்கு அவ்வளவு நீளக் கழுத்து இருப்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

நீதி: பிள்ளையை மாநகராட்சிப் பள்ளியில் சேர்க்கப் போகும்போது பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இரண்டு போட்டோ, ஒரு முள் ஆகிய நான்கையும் தவறாமல் எடுத்துச் செல்லவும். முள் இல்லாத பெற்றோர் எட்டு இளநீர் கொண்டுபோகலாம். மனு மட்டும் வேண்டாம். அதற்கு உடனே தீர்வு கண்டுவிடுவார்கள்.