வியர்த்த பானை

இனிமேல் அறிவியலைக் கரும்பலகையில் நடத்துவதில்லை என்று வைசன் வாத்தியார் சபதம் எடுத்தார். எல்லாவற்றையும் செய்தே காட்டிவிடுவது. ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வீட்டு அடுப்படிதான் ஆய்வுக்கூடம். களி கிண்டும் துடுப்பு நெம்புகோலாகி வகுப்புக்குப் போய் வந்தது. இந்த வாரம் தண்ணீர்ப் பானையின் முறை.

அது சாதாரணப் பானை இல்லை. கல்யாணத்துக்கு மாமியார் கொடுத்தது. மலாவியில் அவர்கள் பக்கத்துக் கிராமங்களில் வீடும் காடும் பெண் வழிச் சொத்து. மாப்பிள்ளையாக வந்தபோது வைசன் கொண்டுவந்தது ஒரு சைக்கிளும் ஒரு பாயும். மாமியார் மனசு கோணினால் அந்த இரண்டோடு திரும்ப வேண்டியதுதான்.

பயந்து பயந்துதான் கேட்டார்.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க. படிக்கிற புள்ளைங்களுக்குத்தானே," என்றாள் மனைவி ஃபாலெசி.

வைசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வகுப்பில் பானைக்குள் தண்ணீர் ஊற்றித் தூக்கினார். அடி உடைந்து கீழே போனது, வாய் மட்டும் கையில் நின்றது. பிள்ளைகள் ஆர்வமாக எட்டிப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் சந்தையில் அதே ஜாடையில் ஒன்று வாங்கி, கரி தேய்த்துக் கிழடாக்கி, பழைய இடத்தில் வைத்துவிட்டார்.

மறுநாள் ஃபாலெசி முதுகில் குழந்தையோடு பானை முன்னால் குந்தியிருந்தாள்.

"ஏங்க, நம்ம பானைக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

கேள்வி கேட்டால் வைசனால் சும்மா இருக்க முடியாது.

"மண்ணுல பொடிப்பொடியா துளை இருக்கும்மா. அது வழியா தண்ணி கசிஞ்சு ஆவியாப் போகும். போறப்ப சூட்டையும் கூட்டிட்டுப் போயிரும்."

"அப்போ இத்தனை நாள் ஏன் வேர்க்கல?"

"பழசாக ஆக துளையெல்லாம் அடைஞ்சிரும். புதுப் பானைன்னாத்தான் இப்படி..."

இப்போது பானையோடு சேர்ந்து அவருக்கும் வேர்த்தது.

"புதுப் பானைன்னா? சொல்லுங்க சார், பாடம் நல்லாத்தான் போகுது."

பானைப் பஞ்சாயத்துக்கு ஃபாலெசியின் தாய்மாமன் வந்து தீர்ப்புச் சொன்னார். சைக்கிளும் பாயும் தப்பின. ஆனால் மாமியாரின் கடலைக்காடு முழுவதையும் மாப்பிள்ளை ஒற்றை ஆளாகக் கொத்த வேண்டும். கொத்தினார்.

கொப்புளம் பூத்த கைகளோடு பள்ளிக்குத் திரும்பியவர், துளைகளையாவது பிள்ளைகளுக்குக் காட்டலாமென்று வகுப்பு மூலையில் கிடந்த பழைய பானையின் அடித்துண்டை எடுத்தார். உடைந்த விளிம்பு நெடுக வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. சுரண்டினார். முகர்ந்தார். துணி சோப்பு. மேலே பக்குவமாகச் சாம்பல் பூச்சு.

வீட்டுக்கு ஓடினார்.

"ஃபாலெசி, பானையில முன்னாடியே விரிசல் இருந்திருக்கு. உங்கம்மாவுக்குப் பயந்து சோப்பு வச்சு அடைச்சுட்டு, என் தலையில கட்டிட்டியா?"

அவள் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே சொன்னாள்:

"பழசாக ஆக துளையெல்லாம் அடைஞ்சிரும்னு நீங்கதானேங்க சொன்னீங்க."