அரைக்கல் சுவரும் நெவிலின் ஓய்வும்

இனி செத்தாலும் செங்கல்லைத் தொடுவதில்லை என்று நெவில் ஆஷ்வொர்த் சத்தியம் செய்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. நாற்பத்திரண்டு வருஷம் கொத்தனார் வேலை. இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் பாதிச் சுவர் அவர் கட்டியது, மீதி அவர் திட்டியது. இனிமேல் ஒரு நாற்காலி, ஒரு கோப்பை டீ, டிவியில் கிரிக்கெட். மனுஷன் கேட்டது இவ்வளவுதான். இது ஒரு பேராசையா, சொல்லுங்கள்?

ஆனால் மனைவி ஜானிஸ் மேட்டுத் தெருவில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். பார்த்தது வீட்டை அல்ல, வீட்டுக்குப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்த சமையலறையை. பாத்திரம் கழுவும்போது ஜன்னல் வழியாக மலை தெரிகிறதாம்.

"இந்த வீட்டுல பாத்திரம் கழுவினா என்ன தெரியுது?" என்றாள்.

"பாத்திரம் தெரியுது. போதாதா?"

போதவில்லை. விலை பேசியாயிற்று. இருக்கும் வீட்டை வாங்க ஆளும் கிடைத்தாயிற்று. புது வீடு என்றால் வேலை என்று அர்த்தம். அதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? நெவில் பாதி ராத்திரி தூக்கத்தைத் தொலைத்தார்.

அப்போதுதான், வாங்குமுன் வீட்டைச் சோதித்துப் பார்த்த சர்வேயரின் அறிக்கை வந்தது. முப்பது பக்கத்தில் இருபத்தேழு பக்கம் சமையலறையைப் பற்றியே புலம்பியிருந்தார். மூன்று சுவரும் அரைக்கல் சுவர், அரைச் செங்கல் கனம்தான். ஓதம் ஏறுகிறது. நகராட்சி அனுமதி வாங்கியதற்குத் துண்டுச் சீட்டு கூடக் கிடையாது.

நெவில் அறிக்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கையோடு கிளம்பி, விற்கிறவர் வீட்டுக்கே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். விற்கிறவர் கிரெக். கல்யாண வீடுகளில் பாட்டுப் போடுகிறவர்.

"என்னய்யா கட்டியிருக்க? ரெண்டு சுவர் எழுப்பி, நடுவுல இடம் விட்டு, குளிர் தாங்கப் பஞ்சு அடைக்கணும். இது ஒத்தச் சுவரு, அதுலயும் அரைக்கல்லு!"

"பதினெட்டு வருஷமா நிக்குது சார்."

"நிக்கல. விழறதுக்கு வெக்கப்படுது."

இப்படிப்பட்ட சுவருக்கு எந்த பேங்க் கடன் தரும், வீடு கிடையாது என்று நெவில் நிம்மதியாகத் திரும்பி வந்தார். இரண்டு நாள்தான் அந்த நிம்மதி. கிரெக்கின் வக்கீல் ஒரு வழி கண்டுபிடித்தார். அனுமதி இல்லாத கட்டடத்துக்கென்று ஒரு காப்பீடு உண்டு. நாளைக்கே நகராட்சி வந்து இடி என்றால் நஷ்டத்தைக் காப்பீட்டுக்காரர் கொடுப்பார். சுவர் எக்கேடு கெட்டால் என்ன, காகிதம் ஒழுங்காக இருந்தால் சரி. இந்தத் தேசம் உருப்படுமா?

"ஆனா ஒண்ணு, கண்ணு," என்றாள் ஜானிஸ். "நகராட்சிக்கு மட்டும் யாரும் போன் பண்ணிடக் கூடாதாம். அந்தச் சுவரப் பத்தி அவங்க காதுல ஒரு வார்த்தை விழுந்தாலும் காப்பீடு கிடையாது. காப்பீடு இல்லாம பேங்க்ல கடன் கிடையாது. கடன் இல்லேன்னா..."

"வீடு இல்ல."

"வாயக் கழுவு. நகராட்சி நம்பர் ஃபிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு. மறந்துகூட அதுக்கு அடிச்சிடாத."

"நான் ஏன் அடிக்கப் போறேன்?"

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். ரெண்டு மணிலேருந்து அஞ்சு மணி வரைக்கும் இருக்க மாட்டேன். அதான் சொல்லி வெக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை இரண்டு மணி மூன்று நிமிஷத்துக்கு நெவில் போனை எடுத்தார். ஒரு வார்த்தை போதும் என்றுதான் நினைத்தார். ஆனால் நாற்பத்திரண்டு வருஷக் கோபம் ஒரு வார்த்தையில் அடங்குமா? முகவரி, அளவு, சாந்தில் சிமென்ட் போதாதது, நியாயமாக அந்தச் சுவரை எப்படிக் கட்டியிருக்க வேண்டும், எல்லாவற்றையும் கொட்டினார். நகராட்சி அதிகாரி வாய் திறக்க முயன்றார். விட்டால்தானே? நாற்பது நிமிஷம். வைத்துவிட்டு, கிரிக்கெட் போட்டுக்கொண்டு, காலை நீட்டினார்.

வெள்ளிக்கிழமை ஜானிஸ் வக்கீலிடம் பேசிவிட்டு வந்தாள். நெவில் சோக முகத்தைத் தயாராக வைத்திருந்தார்.

"காப்பீடு போச்சு," என்றாள்.

"அடப்பாவமே!"

"யாரோ நகராட்சிக்குப் போன் பண்ணிட்டாங்களாம்."

"எந்தச் சண்டாளன் அவன்?"

"அப்படிச் சொல்லாத. புண்ணியவான் அவன். இனி யார் வாங்க வந்தாலும் அந்தக் காப்பீடு கிடையாது இல்ல? கிரெக் அரண்டு போயிட்டான். சமையலறைய இடிச்சுக் கட்டற செலவு மொத்தத்தையும் விலையில கழிச்சுட்டான். இந்த வீட்ட விக்கிற காசே போதும், பேங்க்கே வேணாம். கையெழுத்துப் போட்டுட்டேன். நீயும் போட்டா முடிஞ்சது."

நெவிலின் சோக முகத்துக்கு இப்போது நடிப்பு தேவைப்படவில்லை. தன் குழியைத் தானே வெட்டியதோடு, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தும் கொடுத்துவிட்டோமே என்று நொந்துகொண்டார்.

"இடிச்சுக் கட்டறதுன்னா... ஆள் பிடிக்கணும், ஜானிஸ். நல்ல கொத்தனார் லேசுல கிடைக்க மாட்டான்."

"நானும் அதான் கவலைப்பட்டேன். நகராட்சியில கேட்டேன். அந்த அதிகாரி சொல்றாரு, 'செவ்வாய்க்கிழமை ஒருத்தர் நாப்பது நிமிஷம் எனக்கே பாடம் எடுத்தாரும்மா. அவர் சொன்ன மாதிரி கட்டினா நான் கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுவேன்'னு."

"பேர் சொன்னாரா?"

"அவர் ஏன் சொல்லணும்? குரல எனக்கு நடிச்சே காட்டினாரு."

நெவில் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். அதை யாரும் பிடுங்க வரவில்லை. பிடுங்க வேண்டிய அவசியமும் இல்லை.

"என்னால முடியாது," என்றார். "சத்தியமா முடியாது. கீழ் வரிசைக்கெல்லாம் மண்டி போட்டுத்தான் கல்லு வெக்கணும். என் முட்டி தாங்காது. நான் ஓய்வுல இருக்கேன், ஜானிஸ்."

"தெரியாதா எனக்கு?" என்று அவள் மாடிக்குப் போய் இரண்டு முட்டி மெத்தைகளோடு வந்தாள். தடித்த பஞ்சு, கெட்டித் துணி, பின்னால் கட்டிக்கொள்ள வார். இரட்டைத் தையல். பிள்ளைக்குப் போடுகிற மாதிரி மண்டியிட்டு, அவர் காலில் கட்டி அளவு பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

நெவில் குனிந்து பார்த்தார். ஒரு நாளில் தைக்கிற தையல் இல்லை அது.

"இத எப்ப தெச்ச?"

"சர்வேயரோட அறிக்கை வந்த அன்னிக்கே ஆரம்பிச்சுட்டேன்."